பின்சீட்டில் ஒரு ஸ்பிண்டில்

போன வாரம் என் காரின் பின்சீட்டில் ஒரு ஸ்பிண்டில் பயணம் செய்தது. சீட் பெல்ட் போட்டுக்கொண்டு!

ஸ்பிண்டில் என்றால்? தொழிற்சாலைகளில் உலோகத்தைக் குடையும், தேய்க்கும் மெஷின்கள் இருக்கின்றன அல்லவா... அவற்றில் வெட்டும் கருவியைப் பிடித்துச் சுழற்றும் பாகம். மோட்டார் அதற்குள்ளேயே இருக்கும். நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று. பார்க்க என்னவோ ஒரு தடித்த இரும்பு உருளைதான்.

என் மனைவியின் தங்கை கவிதா, பிறை நகரில் இவற்றைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறாள். அன்று பட்டறை வேன் மக்கர் செய்துவிட்டது. கடல் பாலத்தைத் தாண்டி, தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை, மெஷினை நிறுத்திவிட்டு இந்த ஸ்பிண்டிலுக்காகக் காத்திருந்தது. எனக்கும் அந்தப் பக்கம் வேலை. கவிதாவையும், மரப்பெட்டிக்குள் இருந்த அதையும் ஏற்றிக்கொண்டேன்.

பாலத்தை விட்டு இறங்கியதும் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே பாய்ந்தது. சடன் பிரேக். பின்னால் 'டம்' என்று ஒரு சத்தம். பெல்ட் நழுவி, மரப்பெட்டி சீட்டிலிருந்து கீழே விழுந்துவிட்டது.

ஓரமாக நிறுத்தித் திறந்து பார்த்தோம். ஸ்பாஞ்சுக்குள் பத்திரமாகப் படுத்திருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

"ஒன்னும் ஆகலலா. போலாமா?" என்றேன்.

கவிதா அதன் தண்டைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்த்தாள். "கைக்கு நல்லாத்தான் இருக்கு அத்தான். உள்ள பேரிங் அடி வாங்கியிருந்தா இப்பத் தெரியாது. முழு வேகத்துல ஓடுறப்பதான் தெரியும். அப்ப பக்கத்துல நிக்கிற ஆளுக்கு ஆபத்து."

விழுந்தது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். சொல்லாமல் விட்டால்?

தொழிற்சாலை வாசலில் மேனேஜர் சேகர் டிராலியோடு நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே, வர்ற வழியில கீழ விழுந்துருச்சு. மெஷின்ல மாட்டாதீங்க. பட்டறையில டெஸ்ட் பண்ணி நாளைக்குக் கொண்டு வரேன்" என்றாள் கவிதா.

சிரிப்பு போய்விட்டது. பெட்டியைத் திறந்து பார்த்தார். "என்னம்மா விளையாடுறியா? மெஷின் நிக்குதுலா! பாக்க நல்லாத்தானே இருக்கு?"

"இருக்கலாம்ணே. நிச்சயமாத் தெரியாம குடுக்க மாட்டேன்."

அவர் பட்டறை முதலாளியைப் போனில் பிடித்துச் சத்தம் போட்டார். கவிதா அசையாமல் நின்றாள்.

திரும்பும்போது அவள் பெட்டியைப் பிடித்தபடி பின்சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டாள். நான் மெதுவாகவே ஓட்டினேன்.

மறுநாள் மதியம் கூப்பிட்டாள். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஓட்டிப் பார்த்தார்களாம். அதிர்வு இல்லை. சூடு இல்லை. ஒரு குறையும் இல்லை!

"பேசாம குடுத்திருக்கலாம்னு தோணலையா?"

"நேத்து எனக்கு அது தெரியாதே, அத்தான்."

உண்மையைச் சொல்லி ஒரு விபத்தைத் தடுத்திருந்தால் எல்லோரும் கைதட்டியிருப்பார்கள். சொன்ன பிறகு ஒன்றுமே இல்லை என்றால்...? ஒரு நாள் நஷ்டம், நாலு திட்டு. அப்படிப்பட்ட உண்மைக்குத்தான் கூடுதல் தைரியம் வேண்டும் போலிருக்கிறது.

நேற்று சேகர் இன்னொரு ஸ்பிண்டிலைப் பழுதுபார்க்க அனுப்பியிருக்கிறார். கூடவே பட்டறைக்குப் போன் போட்டுச் சொன்னாராம்: "கவிதாவே கொண்டு வரட்டும். டிரைவர மட்டும் மாத்துங்கலா!"