எட்டாம் நாற்காலியில் ஆள் இல்லை

பிரியாணி தம்மில் இருந்தது. வெங்காயப் பச்சடிக்குத் தயிர் ஊற்றலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது சுபேதார் சார் விசிலும் கழுத்துமாகச் சமையல்கட்டுக்குள் நுழைந்தார்.

"ஸ்டெல்லா மேடம்! எட்டாம் நம்பர் மிஸ்ஸிங்! மொத்தம் ஒன்பது பேர், எட்டு பேர் ஆஜர். இந்தப் பக்கம் யாராவது வந்தாங்களா?"

"இங்க பிரியாணி மட்டும்தான் சார் இருக்கு. வீரர் யாரும் வரலையே" என்றேன்.

கேட்டரிங் சூப்பர்வைசராக நான் சொன்ன பொய்களில், தெரியாமல் சொன்னது இது ஒன்றுதான்.

பந்தி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ராயபுரத்தில் ஒரு கல்யாண மண்டபம். குடியரசு தின மாலை. எங்கள் பக்கத்து முன்னாள் ராணுவத்தினரும் கடைக்காரர்களும் சேர்ந்து, உயிரைப் பணயம் வைத்து அடுத்தவரைக் காப்பாற்றியவர்களுக்கு மெடல் கொடுத்து, சால்வை போட்டு, வயிறாரச் சாப்பாடும் போடுகிற விருந்து. விழாக்குழுச் செயலாளர்தான் நம் சுபேதார் சார். கடைசி மெடல் கொடுக்கும் வரை பாத்திரத்தின் மூடியைத் திறக்கக்கூடாது என்பது அவர் உத்தரவு. தலைமை விருந்தினர் ஓய்வு பெற்ற கடற்படை அதிகாரி. எட்டு மணிக்கு ரயிலுக்குக் கிளம்பிவிடுவார். ஆக எட்டாம் நம்பர் கிடைக்காவிட்டால் அவருடைய மெடலும் போச்சு, என் பிரியாணியும் போச்சு.

தட்டு கழுவும் இடம்

தட்டுகள் தயாரா என்று பார்க்கப் பின்பக்கம் போனேன். என் ஆட்கள் இரண்டு பேர் சும்மா நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரியாத ஒருவர் ஏப்ரன் கட்டி, தலையில் பிளாஸ்டிக் தொப்பி மாட்டி, தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கு ஒரு நூல் கோணவில்லை. இவ்வளவு நல்ல ஆளை நான் எப்போது வேலைக்கு எடுத்தேன் என்று ஒரு நிமிடம் பெருமைப்பட்டேன். அப்புறம்தான் ஏப்ரனுக்கு மேலே சட்டையில் குத்தியிருந்த மூவர்ண பேட்ஜைப் பார்த்தேன். அதில் '8' என்று எழுதியிருந்தது.

பெயர் ஆரோக்கியம். துறைமுகத்தில் மூரிங் கேங், அதாவது கப்பல் துறைமேடைக்கு வந்தால் கயிறு கட்டுகிறவர். ஒரு கன்டெய்னர் லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது துறைமேடை விளிம்பு தாண்டித் தண்ணீருக்குள் போய்விட்டது. டிரைவரையும் கிளீனரையும் இவர் காப்பாற்றினார்.

"மைக்னா பயமா?" என்று கேட்டேன்.

"மைக்கு இன்னாக்கா பண்ணும்? என் வூட்டுக்காரி வந்துகீறா. அதான் பயம்."

விஷயம் இதுதான். அவர் மனைவி விமலாவின் அண்ணன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அதனால், இனி எதற்காகவும் தண்ணீரில் இறங்க மாட்டேன் என்று கல்யாணத்துக்கு முன்பே இவரிடம் மாதா மேல் சத்தியம் வாங்கியிருக்கிறாள். லாரி விழுந்த அன்று இவர் வீட்டுக்குப் போய், கரையிலிருந்தே மிதவை வளையம் வீசியதாகச் சொல்லிவிட்டார். கேங் முழுவதுக்கும் டீ வாங்கிக் கொடுத்து வாயை அடைத்தும் வைத்திருக்கிறார்.

"இப்ப மேடையில எல்லாத்தையும் படிப்பாங்களேக்கா! அவ தெருவையே ரெண்டு ஷேர் ஆட்டோல ஏத்திகினு வந்து கடைசி வரிசைல குந்திகினு கீறா. நான் சத்தியத்த மீறிட்டேன்னு தெரிஞ்சா அவளுக்கு இன்னா ஆவுமோ. திட்டுனா கூட தாங்கிக்குவேன். அழுதான்னா இன்னா பண்றது?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் கண்ணைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

என் மாஸ்டர் பிளான்

அறிவிப்பாளர் பெண்ணிடம் ஓடினேன். "எட்டாம் நம்பர் குறிப்புல குதிச்சார்னு வர்ற வரிய மட்டும் விட்டுடும்மா, குடும்ப விஷயம்" என்றேன். நல்ல பெண். அந்த வரியின் மேல் பேனாவால் கோடு போட்டாள்.

ஆனாலும் ஆரோக்கியம் நகரவில்லை. அப்படியே மேடையேறி நின்றால் விமலா முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாளாம். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. ஏப்ரன் போட்ட ஆளின் முகத்தை எந்த விருந்திலும் யாரும் பார்ப்பதில்லை. அவர் கையில் ஒரு தண்ணீர் ஜக்கைக் கொடுத்தேன்.

"தலைமை விருந்தினருக்குத் தண்ணி ஊத்தற மாதிரி போ. பேர் கூப்பிட்டதும் மெடலை வாங்கிட்டு அப்படியே பின்பக்கமா இறங்கிடு. அவ ரெண்டு தடவை கண் சிமிட்டறதுக்குள்ள முடிஞ்சிடும்."

இதைவிட முட்டாள்தனமான யோசனையை நான் அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை. ஆனால் அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் அது பிரமாதமாகப் பட்டது.

ஆரோக்கியம் மேடையேறினார். என் கணக்கு அப்படியே பலித்தது, கொஞ்சம் அதிகமாகவே பலித்தது. "தண்ணி அப்புறம்பா, இறங்கு இறங்கு" என்று சுபேதார் சாரே அவரைத் துரத்தினார். அதே நேரம் மைக்கில், "அடுத்து, திரு. ஆரோக்கியம்!" சுபேதார் சார் நாலாபக்கமும் தேடுகிறார். தேடப்படுகிறவர் ஜக்கோடு பக்கத்திலேயே நிற்கிறார்.

"நான்தான் சார் அது."

மண்டபமே சிரித்தது. தலைமை விருந்தினருக்கு ஒரே குஷி. "இவரைப் பத்தி நானே படிக்கிறேன்" என்று அறிவிப்பாளர் கையிலிருந்த தாளை வாங்கிவிட்டார். கண்ணாடியைச் சரி செய்தார். "இந்த ஒரு வரிய ஏன் அடிச்சிருக்கீங்க? இதுதானே முக்கியம்!" என்று சொல்லி, கோடு போட்ட அந்த வரியைத்தான் கப்பலுக்குக் கேட்கிற குரலில் படித்தார். "டிரைவரைக் கரை சேர்த்த பிறகு, கிளீனருக்காக இரண்டாவது முறையும் குதித்தார்!"

கோடு போடாமல் இருந்திருந்தால் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போயிருப்பார். என் கைங்கரியம்.

கைதட்டலுக்கு நடுவே கடைசி வரிசையில் பச்சைப் புடவை ஒன்று எழுந்து நேராக மேடைக்கு வந்தது. கைதட்டல் தானாக நின்றுவிட்டது. பிரியாணி போனால் போகட்டும், இந்த மனிதனை இப்படி மாட்டிவிட்டேனே என்று நானும் மேடைப் பக்கம் ஓடினேன்.

மைக் பக்கத்திலேயே இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"ரெண்டு தபாவா?"

"டிரைவரு வெளிய வந்ததும், உள்ள கிளீனரு மாட்டிகினு கீறாருன்னு கத்துனாரு விமலா. இன்னா பண்ண சொல்ற?"

அவள் தலைமை விருந்தினர் கையிலிருந்த மெடலைப் பார்த்தாள். ஆரோக்கியத்தின் கையில் சாய்ந்திருந்த ஜக்கிலிருந்து தண்ணீர், சால்வைகள் வைத்திருந்த மேஜையில் சொட்டியது. ஜக்கை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"வாங்கு. ரெண்டு கையாலயும் வாங்கு. எங்கண்ணனுக்கு அன்னிக்கு உன்ன மாதிரி ஒருத்தன் குதிச்சிருந்தா அது இன்னிக்கு இங்க குந்திகினு இருந்திருக்கும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "பொய் சொன்னதுக்கு வூட்ல வெச்சுக்கறேன் உனக்கு."

அப்புறம் கிளம்பிய சத்தத்தில் மண்டபக் கூரை நின்றதே பெரிசு. இரண்டு ஷேர் ஆட்டோ ஆட்களும் நாற்காலி மேல் ஏறிவிட்டார்கள். சுபேதார் சார் காரணமே இல்லாமல் விசில் ஊதினார். நான் பச்சடிக் கரண்டியோடு அழுதுகொண்டிருந்தேன், சிரித்துக்கொண்டும் இருந்தேன்.

அதுவரை எந்த விருது விழாவிலும் என் முதல் தட்டு தலைமை விருந்தினருக்குத்தான் போகும். அன்று ஒன்பதாம் மெடலும் கொடுத்து முடிந்து மூடியைத் திறந்ததும், கறித்துண்டு பார்த்துப் போட்டு, முதல் தட்டை விமலாவிடம் கொடுத்தேன். நீங்களும் இப்படி ஒரு விருந்தில் பரிமாறினால் அப்படியே செய்யுங்கள். மெடல் வாங்கியவர் யார் என்று உங்களுக்கு யாராவது காட்டிவிடுவார்கள். அவர் வீட்டுக்குத் திரும்பும் வரை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரை நீங்கள்தான் கேட்டுத் தேட வேண்டும். முதல் தட்டு அவருக்கு.