பூட்டு பிடித்த கால்

அந்த ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பூட்டு என்றால்தான் தெரியும். பிடித்தால் திறக்காத கை. காய்ச்சலில் புத்தி கலங்கி, குழாய்களைப் பிய்த்தெறிந்து, நர்சின் மூக்கில் குத்துகிற நோயாளியை அமுக்கிப் பிடிப்பதுதான் அவனுடைய வேலை. பதினோரு வருடத்தில் இரண்டு பல் போயிற்று, ஒரு விலா எலும்பு விரிசல் கண்டது. கடித்தவர்களைச் சொல்லி மாளாது. அப்பா செத்த செய்தி கேட்டுக் கண்ணாடிக் கதவை நாற்காலியால் அடித்து நொறுக்கிய மகனையும் அவன்தான் கட்டிப்பிடித்து உட்கார வைத்தான்.

சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் வேலையில் கெட்டிக்காரன். ஆனால் ஒரு கிறுக்குத்தனம். காலையில் வந்து கையுறை மாட்டினால் சாப்பாட்டு நேரத்தில்தான் கழற்றுவான். நாலாம் கட்டிலில் பிடித்த கையோடு ஏழாம் கட்டிலுக்கு ஓடுவான். தொற்றுத் தடுப்பு நர்ஸ் கத்திக் கத்தித் தொண்டை வற்றிப்போனாள்.

"ஒவ்வொரு ஆளுக்கும் புதுசு மாத்தணும்னு எத்தன தடவ சொல்றது?"

"நான் மாத்திக்கிட்டு நிக்கிறதுக்குள்ள அவன் குழாயப் புடுங்கிடுவான் சிஸ்டர். எனக்கு ஒண்ணும் ஒட்டாது. அதான் கிளவுஸ் இருக்கே."

தனக்கு ஒட்டாது. பாவி, அதை மட்டும்தான் பதினோரு வருடமாக யோசித்தான்.

ஒருநாள் அவனுடைய தங்கை புருஷனைக் கொண்டுவந்தார்கள். லாரி ஏறி, முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. கட்டட வேலைக்குச் சாரம் ஏறுகிறவன். கம்பி வைத்து எலும்பைச் சேர்த்து ஏழாம் கட்டிலில் போட்டார்கள். கால் தப்பித்தது என்றார் டாக்டர். பூட்டுக்குத் தலைகால் புரியவில்லை. "என் மாப்பிள்ளைய வேற எவனும் தொடக் கூடாது" என்று, கட்டு மாற்றும்போதெல்லாம் தானே போய்க் காலைப் பிடித்தான். அதே வாரம் நாலாம் கட்டிலில் ஒருவன், எந்த மருந்துக்கும் அசையாத கிருமியோடு, வெறிகொண்டு உதைத்துக்கொண்டு கிடந்தான். அவனையும் பூட்டுதான் பிடித்தான்.

ஆறாம் நாள் மாப்பிள்ளையின் கால் வீங்கிச் சீழ் கக்கியது. ஒரு மருந்து, இரண்டாவது, மூன்றாவது. கிருமி மசியவில்லை. கடைசியாக மிச்சமிருந்ததைப் போட்டார்கள். அது சிறுநீரகத்தைப் பதம் பார்த்தது. காலா உயிரா என்று ஆனபோது டாக்டர் ரம்பத்தை எடுத்தார். தொடையோடு போயிற்று கால்.

அடுத்த நாள் நர்ஸ் பரிசோதனை அறிக்கையோடு வந்தாள். சீழ் கண்ட அன்றே அவனுடைய கையுறையையும் பஞ்சால் ஒற்றியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தாள். நாலாம் கட்டில், மாப்பிள்ளையின் சீழ், பூட்டின் கையுறை, மூன்றிலும் ஒரே கிருமி. அவள் திட்டவில்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. கழிப்பறைச் சுவரில் முஷ்டித் தோல் பெயரும்வரை குத்தினான்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், எவனும் கேட்டிருக்க மாட்டான். நேரே வராந்தாவில் இருந்த தங்கையிடம் போய் நின்றான்.

"மாப்பிள்ளை கால் போனது என்னாலதான்மா."

"என்னண்ணே உளர்ற?"

முழுவதையும் சொன்னான். அவன் முடித்ததும் அவள் எழுந்தாள். பிறகு செருப்பைக் கழற்றினாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்க்க, கன்னம், வாய், நெற்றி என்று மாறி மாறி அடித்தாள். உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் சொட்டியது. அத்தனை பேரை அமுக்கியவன் தடுக்கக் கையைக்கூடத் தூக்கவில்லை.

உள்ளே கட்டு மாற்ற ஆரம்பித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அலறல் கதவைத் தாண்டி வந்தது. இரண்டு பேர் பிடித்தும் துள்ளினான். தையல் பிரிந்துவிடும் போலிருந்தது. நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். பூட்டைக் கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை.

தங்கை செருப்பைக் கீழே போட்டாள்.

"போய்க் கையக் கழுவு. நல்லாக் கழுவு, நான் நின்னு பாக்குறேன்," என்றாள். "நீ புடிச்சாத்தான் அவரு அடங்குவாரு."