இமெல்டா அக்கினோ

மணிலாவுக்கு வெகு வடக்கே, இலோகோஸ் பக்கத்துச் சிற்றூரில் மூன்று சக்கர மோட்டார் வண்டி ஓட்டிய கிறிஸ்புலோ அக்கினோ, தங்கள் மண்ணில் பிறந்த அதிபர்மேல் உயிரையே வைத்திருந்தான். மகள் பிறந்ததும் இமெல்டா என்று அதிபரின் மனைவி பெயரையே அவளுக்கு வைத்தான். அக்கினோ வழிவழியாக வந்த குடும்பப் பெயர். அப்போது அது யாரையும் உறுத்தவில்லை.

எண்பத்தாறில் அதிபர் நாட்டைவிட்டே ஓடினார். அவரை எதிர்த்து நின்ற அக்கினோ என்ற விதவை ஆட்சிக்கு வந்தார். ஊருக்கு ஆத்திரம் தாளவில்லை. கைக்கெட்டிய அக்கினோவோ கிறிஸ்புலோ ஒருவன்தான். வண்டியின் நெற்றியில் இருந்த பெயரைப் படித்துவிட்டு முதலில் இறங்கியவன் பலசரக்குக் கடை திபுர்சியோ. பிறகு சந்தைக்குப் போகும் பெண்களும் நடக்க ஆரம்பித்தார்கள்.

"அந்தம்மா யாரு, நான் யாரு? எங்களுக்குள்ள ஒட்டுமில்ல, உறவுமில்ல" என்று வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தான். கடைசியில் பெயரின்மேல் தானே கறுப்புச் சாயம் பூசினான். அப்படியும் யாரும் ஏறவில்லை. இமெல்டா படிப்பை விட்டுவிட்டு மணிலாவுக்கு வேலை தேடிப் போனாள்.

அங்கே ரொட்டிக்கடை நடத்திய சோலிங், அக்கினோ என்றதும் சிரித்த முகமாக உட்காரச் சொன்னாள். முழுப் பெயரைக் கேட்டதும் அந்த முகம் செத்துப்போயிற்று. பழைய ஆட்சியில் சிப்பாய்கள் அழைத்துப் போன அவள் மூத்த மகன் திரும்பவே இல்லை. புதைக்க உடல்கூடக் கிடைக்கவில்லை.

"உம்மேல தப்பில்ல, பொண்ணே. ஆனா அந்தப் பேரு என் வாயில வராது. அக்கினோன்னே கூப்பிடுறேன்."

ஊரில் அப்பாவின் பிழைப்பைக் கெடுத்த பெயர் இங்கே சோறு போட்டது. "உங்க அதிபர் அத்தைகிட்ட சொல்லி எங்க தெருவுக்குத் தண்ணி விடச் சொல்லேன்" என்று வாடிக்கையாளர்கள் கிண்டலடிப்பார்கள். இமெல்டா சிரித்து வைப்பாள். அவளை இமெல்டா என்று கூப்பிட அந்த நகரத்தில் ஒருவரும் இல்லை.

நாலாவது வருஷம் அப்பா இறந்துபோனதாகச் சேதி வந்தது. போனபோது வீடு நிறைய ஆட்கள். சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே, அந்த ஊர் இழவு வீட்டு வழக்கப்படி, சீட்டாட்டம் நடந்தது. வண்டியிலிருந்து இறங்கிப்போன அத்தனை பேரும் வந்திருந்தார்கள். இமெல்டா எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள்.

திபுர்சியோ சீட்டைக் கலைத்தபடியே, "தங்கமான மனுஷன். பேருதான் அவனுக்கு அமையல" என்றான்.

இமெல்டா அவன் முன்னாலிருந்த கோப்பையை எடுத்தாள். வாசலுக்குப் போய்க் காப்பியை மண்ணில் கொட்டினாள். காலிக் கோப்பையைக் கொண்டுவந்து அவன் முன்னாலேயே வைத்தாள்.

யாரோ அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டுப் போட்டார்கள்.