டிரெசர் சொன்ன உப்பு

வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில், மலாயாவில் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் சிறுபிள்ளை. அங்கே ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெசர் ஒருவர் இருந்தார். ஒல்லியானவர், வெள்ளைக் கால்சட்டை போட்டிருப்பார். நோயாளியைப் பார்க்க வீட்டுக்கு வந்தால் ஆளைப் பார்க்குமுன் குழம்புச் சட்டியைத் திறந்து ஒரு சொட்டு நக்கிப் பார்ப்பார். “மோப்பம் புடிச்சு வந்துட்டாரு” என்று லயத்து வீடுகளில் சிரிப்பார்கள்.

என் அக்காவுக்கு வலிப்பு. அதற்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த புரோமைடு மருந்துத் தண்ணியைத் தினமும் குடித்தும் நிற்கவில்லை. எங்கள் குழம்பை நக்கிப் பார்த்தவர் சொன்னார்:

“இந்த மருந்தும் ஒரு உப்புதாம்மா. சோத்து உப்பு கூடுனா மருந்த வெளிய தள்ளிடும். கருவாட்டக் கொறைங்க.”

அம்மா உப்பையே அடியோடு நிறுத்திவிட்டாள். வலிப்பு நின்றது. ஆனால் சில நாளில் அக்காவுக்குப் பேச்சு குழறியது, நடை தள்ளாடியது, கூப்பிட்டால் பாதிக் கண்தான் திறந்தாள். அம்மா அழுதுகொண்டே ஓடிப்போய் அவரைக் கூட்டி வந்தாள்.

அன்றும் சட்டியைத்தான் முதலில் திறந்தார்.

“உப்பே இல்லியேம்மா?”

“நீங்கதானே ஐயா சொன்னீங்க.”

“கொறைக்கத்தான் சொன்னேன். இப்ப மருந்து வெளிய போவாம உள்ளயே தங்கிருச்சு. மருந்த நிறுத்துங்க. கஞ்சியில உப்புப் போட்டுக் கொஞ்சங் கொஞ்சமாக் குடுங்க.”

அதன்பின் அவர் தினமும் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். ஒருநாள் அக்கா கண்ணை முழுசாகத் திறந்து முகம் சுளித்து, “கஞ்சி கரிக்குதும்மா” என்றாள். அவர் எழுந்து போய்விட்டார்.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இன்றும் உப்பை அள்ளினால் என் கை கொஞ்சம் தயங்குகிறது.