நாலு நாள் கழித்து இறுக்க வேண்டிய போல்ட்டுகள்

நான் வயற்காட்டுக்காரன். திருவாரூர் பக்கம் பம்புசெட் மெக்கானிக்காக இருந்து, பிறகு நாகப்பட்டினத்துக்குப் படகு இஞ்சின் பொருத்த வந்தவன். இரண்டும் இஞ்சின்தான், திமிர்தான் வேறு. பம்புசெட்டைச் சிமெண்டுத் தரையில் இறுக்கிவிட்டால் சாகும்வரை அசையாது. படகு கரையில் முட்டுக்கொடுத்து நிற்கும்போது ஒரு வடிவம், தண்ணீரில் இறங்கியதும் வேறு வடிவம். இஞ்சினையும் புரொப்பல்லர் ஷாஃப்டையும் சேர்க்கிற கப்ளிங்கைக் கரையில் எவ்வளவு நேராக வைத்தாலும் போதாது. படகு நாலு நாள் மிதந்த பிறகு போல்ட்டுகளைத் தளர்த்தி, இடைவெளியை அளந்து, திரும்ப நேராக்கி இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் போல்ட்டுகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும். இது தெரியாதவன் இந்தத் தொழிலுக்கே வரக்கூடாது.

அந்தப் புதுப் படகின் சொந்தக்காரர் எட்டு வருஷம் குவைத்தில் பாடுபட்டுத் திரும்பியவர். என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். இஞ்சின் வந்துசேரத் தாமதமாகி, மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்கு முந்தின நாள்தான் படகு தண்ணீரில் இறங்கியது. மறுநாள் துறைமுகமே காலியாகிவிடும். புதுப் படகை மட்டும் கட்டிப்போட்டால் ஊர் சும்மா விடுமா?

பூசை நடந்தது. அவருடைய மனைவி உள்ளே இறங்கி இஞ்சினுக்கு மாலை போட்டு, கப்ளிங்குக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார். அந்தக் கரையில் புதுப் படகின் முன்னால் உடையும், மூழ்கும் என்ற சொற்களை யாரும் எடுப்பதில்லை. வெளியூர்க்காரனான நான் இதில் அவர்களைவிடக் கெட்டி. எங்கே என் வாயால் ஆகாத சொல் வந்துவிடுமோ என்று பயந்து, அவரைத் தனியே கூப்பிட்டு மெல்லச் சொன்னேன்.

"ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கு. நாலு நாள் தண்ணியில நிக்கட்டுமே."

"சின்ன வேலைதானண்ணே. போயிட்டு வந்து பாத்துக்கலாம்," என்றார்.

சின்ன வேலை இல்லை, உயிர் போகிற வேலை என்று சொல்லியிருக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் நின்றார்கள், கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது, கையில் கொடுத்த சர்க்கரைப் பொங்கலைத் தின்றுகொண்டு நான் நின்றேன். என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

மூன்றாம் நாள் காலை துறைமுகத்தில், பழுதாகிக் கடலுக்குப் போகாமல் நின்ற வேறொரு படகில் வேலையாக இருந்தேன். அதன் வயர்லெஸ்ஸில், புதுப் படகோடு கடலுக்குப் போயிருந்த அவர் குரல் கேட்டது. பெரிய சத்தம் வந்ததாம். இஞ்சின் ஓடுகிறதாம், படகு நகரவில்லையாம். மைக்கைப் பிடுங்கி, கப்ளிங்கைப் பார்க்கச் சொன்னேன். போல்ட்டுகள் அறுந்து, ஷாஃப்ட் பின்பக்கமாக நழுவி வெளியே போயிருந்தது. அது இருந்த ஓட்டை வழியாகக் கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது.

சாக்கைச் சுருட்டி அடைக்கச் சொன்னேன். வேட்டியைச் சுற்றி அடைக்கச் சொன்னேன். மரக்கட்டை ஏதாவது இருந்தால் அடித்து இறக்கச் சொன்னேன். சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் செய்தார்கள்.

"நிக்கலண்ணே. முட்டிக்கு வந்துருச்சு. வேற என்ன செய்யட்டும், சொல்லுங்க."

எனக்கு வேறெதுவும் தெரியவில்லை. என் கையில் ஸ்பானர் இருந்தது. அவர் கடலுக்குள் எத்தனையோ மைல் தள்ளி இருந்தார். பக்கத்தில் எந்தப் படகு இருந்தாலும் போங்கள் என்று வயர்லெஸ்ஸில் கத்தினேன், கெஞ்சினேன். கடைசியில் ஒரு படகு போய்ச் சேர்ந்து ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டது. மத்தியானத்துக்குள் புதுப் படகு போய்விட்டது.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. கூடத்தில் உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொருத்தினவனைத்தான் கேட்க வேண்டும் என்று ஒருவர் என்னைப் பார்த்தே ஆரம்பித்தார். சமையலறையிலிருந்து அவருடைய மனைவி வெளியே வந்தார்.

"அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க. இப்படி ஆகும்னு அண்ணனுக்குத் தெரிஞ்சிருந்தா நம்மகிட்ட சொல்லாம இருந்திருப்பாங்களா?" என்றவர், என் பக்கம் திரும்பி, "சொல்லுங்கண்ணே, தெரியுமா உங்களுக்கு?" என்றார்.

படகுக்காரர் தரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். 

நான் தெரியாது என்று தலையை ஆட்டினேன்.