நடுவில் ஓட்டை உள்ள பண்டத்துக்கு என்ன வரி?

பேக்கரியில் எல்லாம் ஒரே கோதுமை மாவில்தான் தொடங்கும். வரிக் கணக்கில்தான் அவை பிரிந்து போகும்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் உள்ள பேக்கரிக்கு நான் வற் என்னும் பெறுமதி சேர் வரிக்குக் கணக்குச் செய்து கொடுக்கிறேன். விதி கேட்பதற்குச் சுலபம். பாணுக்கு, அதாவது பிரெட்டுக்கு, வற் இல்லை. பணிஸ் என்கிற பன், கேக், ரஸ்க், கறி வைத்த பற்றிஸ் எல்லாவற்றுக்கும் உண்டு. பேக்கரிக் கணக்கு எழுதும் நண்பர்களே, இந்த இரண்டு வரிகளை வைத்துக்கொண்டு நீங்களும் தலையைச் சொறிந்திருப்பீர்கள். பாணுக்கும் கேக்குக்கும் நடுவே எத்தனை பண்டங்கள் இருக்கின்றன என்பது நமக்குத்தான் தெரியும். அப்படி நடுவில் நின்ற ஒன்றினால் ஒரு பெண்ணின் கிறிஸ்மஸ் வியாபாரமே நின்றுபோகப் பார்த்தது. அதற்கு முன்னால் சில சிறிய சங்கடங்கள்.

விற்காத பட்டர் கேக்

கடைக்குப் புதிதாக ஒரு பில் மெஷின் வந்தது. ‘பாண்’ என்று ஒரு பட்டன், ‘பணிஸ்’ என்று ஒரு பட்டன், ‘கேக்’ என்று ஒரு பட்டன். எந்தப் பண்டம் எந்தப் பட்டனில் சேரும் என்று பாண் சுடும் போறணையில் வேலை செய்யும் சோமே அய்யே சொல்லச் சொல்ல, காசு வாங்கும் தர்ஷினி பதிந்துவைத்தாள். மூன்று மாதம் கழித்து நான் கணக்கைப் பார்த்தபோது, பட்டர் கேக் ஒன்றுகூட விற்கவில்லை என்று மெஷின் சொன்னது. கண்ணாடி அலுமாரியில் பட்டர் கேக் வைக்கும் தட்டோ காலியாக இருந்தது.

உள்ளே போய்ப் பார்த்தேன். சோமே அய்யே பாண் அச்சில் பட்டர் கேக் சுட்டுக்கொண்டிருந்தார். அவர் பாத்திரத்தைப் பார்த்துத்தான் பெயர் வைப்பார். அச்சில் போனது பாண், தட்டத்தில் போனது பணிஸ், வட்டத் தகரத்தில் போனது கேக். வட்டத் தகரங்கள் பழுதானதால், அந்தக் காலாண்டு முழுவதும் பட்டர் கேக் பாணாகிவிட்டது. கணக்கைத் திருத்தி எழுதிவிட்டு, இனி இப்படி நடக்கக்கூடாது என்று அவருக்கு விளக்கினேன். அவர் கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டே சொன்னார்: “உள்ளே போறப்ப எல்லாம் மா தானே, மஹத்தயா. வெளிய வந்த பிறகு பேர் வைக்கிறது உங்க வேலை.”

நேற்றைய பாண்

விற்காமல் மிஞ்சும் பாணை எந்த பேக்கரியும் எறிவதில்லை. மறுநாள் துண்டு போட்டு, மீண்டும் போறணையில் வைத்துக் காயவிட்டு, பக்கற்றில் கட்டினால் ரஸ்க். நேற்று வரி இல்லாமல் இருந்தது இன்று வரி உள்ளதாகிவிடுகிறது. இதைக் கடை முதலாளி குணம் அண்ணையிடம் சொல்வதை நான் கொஞ்ச நாள் தள்ளிப்போட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்தக் கடையை நடத்துபவர்; வரியை ஒளிக்க மாட்டார், ஆனால் காரணம் கேட்காமல் கட்டவும் மாட்டார்.

கடைசியில் சொன்னேன். அவர் ஒரு ரஸ்க்கை எடுத்து மேசையில் தட்டிப் பார்த்தார். “காய்ஞ்சு போனதுக்கு வரியோ, தம்பி? அப்ப எனக்கும் வயசு போகுது, கவனமா இருக்கோணும்.”

பட்டன் இல்லாத பண்டம்

கொட்டாஞ்சேனையில் இருந்து ஸ்டெல்லா அக்கா புரூடர் கொண்டுவருவார். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பாணுக்குக் குழைத்த மாவை பேக்கரியிலேயே வாங்கி, அதில் பட்டரும் முட்டையும் சீனியும் காய்ந்த திராட்சையான முந்திரிகை வற்றலும் சேர்த்துப் பிசைந்து, பொங்கவிட்டு, நடுவில் குழாய் உள்ள நெளிநெளியான அச்சில் சுடுவது. கிறிஸ்மஸ் காலையில் துண்டு போட்டு, மேலே பட்டர் பூசி, சீஸும் கோழிக்கூட்டு வாழைப்பழமும் வைத்துச் சாப்பிடுவார்கள். கொட்டாஞ்சேனையில் அதை விற்க முடியாது. அங்கே வீட்டுக்கு வீடு ஏதாவது சுடுவார்கள். வெள்ளவத்தையில் கிறிஸ்தவ நண்பர்களுக்கும் கந்தோரில் கூட வேலை செய்பவர்களுக்கும் கொடுக்க ஆட்கள் தேடி வாங்குவார்கள். கார்த்திகையும் மார்கழியும் குணம் அண்ணையின் அலுமாரியில் விற்பதுதான் ஸ்டெல்லா அக்காவின் வீட்டை அடுத்த பாதி வருடம் ஓட்டும்.

மெஷின் வந்த அந்த வருடம் முதல் பெட்டி வந்ததும் தர்ஷினி என்னைக் கூப்பிட்டாள். மா பாண் மா. அச்சு பாண் அச்சு இல்லை. லேபலில் ‘புரூடர் கேக்’ என்று இருந்தது. குணம் அண்ணை உடனே சொல்லிவிட்டார்: கேக் என்றால் வற் சேர்த்து விலையை ஏற்ற வேண்டும், அந்த விலைக்கு ஒருவரும் தொட மாட்டார்கள், பாண் என்று போட்டால் வைக்கிறேன். ஸ்டெல்லா அக்கா என் பக்கம் திரும்பினார். “பாண்னு போட்டா கிறிஸ்மஸுக்கு யாரு சார் வாங்குவா? கேக்னு போட்டா இவரு வைக்க மாட்டாரு. நான் என்னத்தத்தான் போடுறது?” நான் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன். அதுவரை பெட்டி கவுண்டருக்குக் கீழே இருந்தது. தர்ஷினி மட்டும் அதைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: “நடுவில ஓட்டை இருக்கு, சேர். அதுக்கு மெஷினில பட்டன் இல்லை.”

ஒரு பை, இரண்டு பேர்

இதற்கிடையில் காலைச் சாப்பாட்டுப் பை வந்தது. கந்தோருக்கு ஓடுபவர்களுக்காகக் கால் இறாத்தல் பாணும், சிறிய பக்கற்றில் வெங்காயச் சீனிச்சம்பலும் ஒரே பைக்குள் போட்டு வாயை மூடி விற்கும் யோசனை குணம் அண்ணையுடையது. பாணுக்கு வற் இல்லை, சம்பலுக்கு உண்டு. அதனால் பில்லில் இரண்டையும் பிரித்துக் காட்டச் சொன்னேன். கிருலப்பனை பஸ்ஸைப் பிடிக்க அவசரமாக நின்ற ஒரு அம்மா பில்லை வாசித்துவிட்டு, பையையும் ஒருமுறை தடவிப் பார்த்தார். “பை ஒண்டுதானே தந்தனீங்கள், பிள்ளை. இதில ரெண்டு பேர் நிக்கினம்.”

பூசுவதும் போடுவதும்

வரி அலுவலகத்துக்கு ஒரு முழுப் புரூடரோடு போனேன். அங்கே இருந்த உத்தியோகத்தர் இளம் பெண், நிதானமானவர். சாப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன், கை காட்டி மறுத்துவிட்டார். நாங்கள் கதைத்தது சிங்களத்தில், தமிழில் தருகிறேன்.

நான் என் பக்கத்து நியாயத்தை ஒழுங்காகவே வைத்தேன். மா பாண் மா. ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்தது. கேக்கை யாரும் சீஸ் வைத்துச் சாப்பிடுவதில்லை, இதைச் சாப்பிடுகிறார்கள். கேக்குக்கு மேலே பட்டர் பூசுவதில்லை, இதற்குப் பூசுகிறார்கள். அவர் கடைசி நியாயத்தில் கொஞ்சம் நின்று யோசித்தார். தன் வீட்டிலும் அப்படித்தான் என்றார். எனக்கு நம்பிக்கை வந்தது. பிறகு உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொன்னேன். புரூடரைப் பைக்குள் வைத்து என் பக்கம் தள்ளினார். “பட்டர் மேலே பூசினால் பாண், உள்ளே போட்டால் கேக். நீங்கள் இரண்டும் செய்கிறீர்கள். உள்ளே போட்டதைத்தான் நான் பார்க்க வேண்டும்.”

ஈரக் கையோடு ஒரு கேள்வி

குணம் அண்ணை பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். கோபத்தில் அல்ல, “ஏத்தினா விக்காது, ஏத்தாட்டி நான் கையால கட்டோணும்” என்றார். செய்தியைச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. கொட்டாஞ்சேனையில் ஸ்டெல்லா அக்காவின் வீட்டுக்குப் போனபோது, அவர் முந்திரிகை வற்றல் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு பெரிய சட்டி நிறைய. அந்தப் பருவத்துக்கு வேண்டியதை முன்கூட்டியே வாங்கி முடித்திருந்தார். நான் தீர்ப்பைச் சொன்னேன். அவர் கழுவுவதை நிறுத்தவில்லை. தண்ணீர் மட்டும் நிரம்பி வழிந்தது.

பிறகுதான் எனக்கு வேறு பக்கமாக யோசிக்கத் தோன்றியது. வற் கட்டுவது வற்றுக்குப் பதிந்த வியாபாரி. குணம் அண்ணை பதிந்தவர். அவர் கையால் விற்றால் வற் உண்டு. ஸ்டெல்லா அக்காவின் வியாபாரம் பதிய வேண்டிய அளவுக்குப் பெரியது அல்ல. அவரே தன் கையால் விற்றால் வற் கேள்வியே எழாது. இதை இரண்டு முறை சொன்னேன். அவர் ஈரக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு கேட்டார்: “அப்ப என் கையால வித்தா இது பாணா, கேக்கா?” அதை யாரும் கேட்க மாட்டார்கள் என்றேன். அவர் அலுமாரிக்கு மேலே இருந்த லேபல் கட்டைப் பார்த்தார். “இத முதல்லயே சொல்லியிருந்தா, சார், நான் லேபல் அடிக்காமலே இருந்திருப்பேனே.”

தையற்கடை வாசல்

கையால் விற்கலாம், சரி, எங்கே விற்பது? வாங்குபவர்கள் வெள்ளவத்தையில் அல்லவா இருக்கிறார்கள். பேக்கரிக்குப் பக்கத்துக் கடை தையற்கடை. அதை நடத்துபவர் தன் வாசலில் ஒரு மேசை போட இடம் கொடுத்தார். ஸ்டெல்லா அக்கா பின்னேரங்களில் இரண்டு பெரிய பைகளோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். புது லேபலில் ‘புரூடர்’ என்று மட்டும் இருந்தது. உள்ளே வந்து புரூடர் கேட்டவர்களுக்கு தர்ஷினி கண்ணாலேயே பக்கத்து வாசலைக் காட்டினாள்.

முதல் நாட்களில் குணம் அண்ணை அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. தன் கடைக்கு வருகிற ஆட்கள் வாசலோடு திரும்பிப் போவதாக என்னிடம் குறைபட்டார். நான் கணக்கைப் பார்த்தேன். ஆட்கள் திரும்பிப் போகவில்லை. புரூடரை வாங்கிக்கொண்டு, அதன் மேல் பூசப் பட்டரும் வைத்துச் சாப்பிட சீஸும் வாங்க உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். அவரிடம் காட்டினேன். அடுத்த முறை நான் போனபோது பட்டரும் சீஸும் குளிர்சாதனப் பெட்டியின் முன்தட்டுக்கு வந்திருந்தன.

கிறிஸ்மஸுக்கு முதல் நாள் பின்னேரம். மேசையில் இரண்டோ மூன்றோதான் மிஞ்சியிருந்தன. அன்று மட்டும் ஸ்டெல்லா அக்கா காலையிலேயே வந்து, நின்றபடியே விற்றுக்கொண்டிருந்தார். குணம் அண்ணை கடைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தானே தூக்கிவந்து, துடைத்து, மேசைக்குப் பின்னால் வைத்தார். “இருந்து வில்லுங்கோ, பிள்ளை. நீங்கள் நிண்டால் சனம் என்னைத்தான் குறை சொல்லும்.” ஸ்டெல்லா அக்கா கதிரையையும் பார்த்தார், பக்கத்தில் நின்ற என்னையும் பார்த்தார், பிறகுதான் உட்கார்ந்தார். “ஒண்ணு கேக்கட்டா, முதலாளி? இந்தக் கதிரைக்கு வற் இருக்கா?”

ஆகவே, நண்பர்களே, ஒரு பேக்கரிப் பண்டத்தைச் சரியாக வகைப்படுத்த மாவையும் முட்டையையும் பட்டரையும் பார்த்து முடித்த பிறகு, அது வாசற்படிக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதையும் மறக்காமல் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.