எல்லாமே முக்கியம்

லிஃப்ட் மெக்கானிக்கின் மண்டை கெட்டியானதுதான். இல்லையென்றால் மெஷின் ரூம் ஏணியிலிருந்து தலைகுப்புற விழுந்த மனுஷர் பதினெட்டே நாளில் எழுந்து நடமாடியிருக்க முடியுமா? கண் திறந்ததும் மனைவியைப் பார்த்து, "ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டே?" என்று கேட்டார். அப்பாடா என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். கொஞ்சம் அவசரப்பட்டு விட்டுவிட்டார்கள்.

பழசெல்லாம் பத்திரமாக இருந்தது. இருபத்திரண்டு வருஷமாகப் பழுது பார்த்த லிஃப்டுகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். புதுசுதான் ஒட்டவில்லை. காலையில் நடந்தது மாலைக்குள் பாதி கரைந்துவிடும், மறுநாள் சுத்தம். ஒரு கட்டடத்தில் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு வேலை பார்த்தவர், திரும்பப் போட மறந்து வீட்டுக்கு வந்துவிட்டார். எட்டு மாடி ஜனமும் அன்று படியேறியது. அவர்கள் திட்டியது நியாயம்தான். ஆனால் மறுநாள் அந்தத் திட்டும் அவருக்கு நினைவில்லை என்பதுதான் கொடுமை.

சூப்பர்வைசர் அவரைவிடப் பத்து வயது சின்னவர், மரியாதை தெரிந்தவர். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. வருஷக் கடைசி வரைக்கும் பார்க்கலாம். அதுக்கு மேல சரிப்படலேன்னா ஸ்டோர்ல உட்கார்ந்து நட்டு போல்ட்டு எடுத்துக் குடுங்க. சம்பளத்துல கை வைக்க மாட்டேன்" என்றார். சம்பளத்தை யார் கேட்டது? லிஃப்டைத் தொடாமல் இவர் எப்படி இருப்பார்? வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். மனைவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாடி போர்ஷனில் இருந்த தன் தங்கையைக் கூப்பிட்டாள்.

அந்தக் கொழுந்தியாள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் ஃபைல்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் இருப்பவள். வாய் கொஞ்சம் நீளம். "ஞாபகம் மண்டைக்குள்ளதான் இருக்கணும்னு யாரு மாமா சொன்னது? போன்ல வச்சுக்குவோம், குடுங்க இப்படி" என்று போனைப் பிடுங்கிக்கொண்டாள். இரண்டு மணி நேரத்தில் அவருக்கென்று ஒரு விக்கி தயார். விக்கி என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை, ஒன்றோடொன்று கோத்துவிட்ட குறிப்புகள், அவ்வளவுதான். வேலை ஒன்று முடிந்தால் குறிப்பு ஒன்று. குறிப்பின் கீழே டேக்குகள், அதாவது இது எதைப் பற்றியது என்று ஒட்டுகிற அடையாளச் சீட்டுகள். அதற்கும் கீழே, புதுக் குறிப்பு எதைத் திறந்தாலும் தானாகவே வந்து உட்காருகிற மாதிரி ஒரு வரியை எழுதி வைத்தாள். அதன் பெயர் மேக்ரோ. இதே டேக் வேறு எந்தக் குறிப்பில் இருந்தாலும், அத்தனையையும் அந்த ஒற்றை வரி திரட்டிக் கண்முன் கொண்டுவந்து வரிசையாக நிறுத்திவிடும்.

மெக்கானிக் விழுந்து விழுந்து எழுதினார். சாப்பிட மறந்தாலும் எழுத மறக்கவில்லை. ஆனால் பாருங்கள், பயந்தவன் கையில் கொடுத்தால் எதுவும் பயந்த மாதிரிதான் வேலை செய்யும். எதை விட்டால் எது போய்விடுமோ என்ற நடுக்கத்தில் ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரே டேக்கை ஒட்டி வைத்தார்: 'முக்கியம்'. கயிற்றுக்கு எண்ணெய் போட்டது முக்கியம். மூன்றாவது தெரு வாட்ச்மேன் சாவி தர மறுத்தது முக்கியம். பஸ் ஸ்டாப் பெஞ்சில் குடையை மறந்தது படு முக்கியம்.

அந்த நேரம் பார்த்துத்தான் கண் கிளினிக் லிஃப்ட் மறுபடி தகராறு செய்தது. மூன்று மாடிக் கட்டடம். லிஃப்ட் திடீரென்று இரண்டாம் மாடிக்கருகே நடுவழியில் நிற்கும், மெக்கானிக் போய்ச் சேர்வதற்குள் நல்ல பிள்ளையாக ஓடிக்கொண்டிருக்கும். இவர் நான்கு முறை போய்விட்டு வந்தாயிற்று. வேறு இருவரும் போய்ப் பார்த்துக் கைவிரித்துவிட்டார்கள். இந்தத் தடவை, ஆபரேஷன் முடிந்து இரண்டு கண்ணிலும் கட்டுப்போட்ட ஒரு பெண்மணி உள்ளே மாட்டிக்கொண்டு இருபது நிமிஷம் அலறியிருக்கிறார். "திங்கட்கிழமைக்குள்ள சரியாகலேன்னா அவங்க வேற கம்பெனிக்குப் போயிடுவாங்க அண்ணே. அப்புறம் நான் மேலிடத்துக்கு உங்களைப் பத்தி என்ன பதில் சொல்லுவேன்?" என்றார் சூப்பர்வைசர்.

 மெக்கானிக் விக்கியைத் திறந்தார். மேக்ரோ சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்து, 'முக்கியம்' என்ற முந்நூற்று நாற்பது குறிப்புகளையும் அவர் முன் கொட்டியது. குடையும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கொழுந்தியாள் அதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ மாமா! எங்க ஆஸ்பத்திரியில எல்லா ஃபைல் மேலயும் அவசரம்னு எழுதினா எந்த நோயாளியை முதல்ல பார்க்கிறது?"

"எனக்கு எது முக்கியம்னு எப்படித் தெரியும்மா? தெரிஞ்சா உன்கிட்ட ஏன் வரப்போறேன்?" என்றார் அவர். 

அவள் கேலியை விட்டாள். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அது உங்களுக்குத் தெரிய வேணாம். மூணே மூணு ஒட்டுங்க. எந்த லிஃப்ட், என்ன பண்ணுச்சு, அங்க கண்ணால என்ன பார்த்தீங்க. முக்கியமா இல்லையான்னு மேக்ரோ பார்த்துக்கும்."

இருவரும் உட்கார்ந்து முந்நூற்று நாற்பதையும் பிரித்தார்கள். காபி மூன்று தடவை வந்து மூன்று தடவையும் ஆறியது. மதியம் தாண்டி, 'கண் கிளினிக்' பக்கத்தைத் திறந்து பார்த்தால், 'நடுவில் நின்றது' என்ற நான்கு குறிப்புகள் வரிசையாக நின்றன. நான்கிலும் மூன்றாவது டேக் ஒன்றேதான்: 'ஈரத்தரை'. மொட்டை மாடி மெஷின் ரூமுக்குப் படியேறிப் போகிறவர், 'மூன்றாம் மாடியில் தரை ஈரம், வழுக்கியது' என்று நான்கு முறையும் எழுதியிருக்கிறார். ஒருமுறை விழுந்து அடிபட்டவர் வழுக்கலை எழுதாமல் விடுவாரா? ஆனால் மாதக்கணக்கில் இடைவெளிவிட்டு எழுதியவற்றை அவருடைய தலை எங்கே சேர்த்து வைத்தது!

"நிக்கிறது ரெண்டாம் மாடியில. ஈரம் மூணாம் மாடியில" என்று முணுமுணுத்தார். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்து மண்டை விழித்துக்கொண்டது.

திங்கட்கிழமை விடிந்ததும் விடியாததுமாகக் கிளினிக்கில் நின்றார். மூன்றாம் மாடியை எப்போதாவது தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற அம்மாவை அன்று கழுவச் சொன்னார். அவர், தரை அந்தப் பக்கம் சரிவு என்பதால் தண்ணீரை லிஃப்ட் வாசல் பக்கமாகவே தள்ளினார். அது வாசல்படி இடுக்கு வழியாக இறங்கி, இரண்டாம் மாடிக் கதவின் தலைமேல் இருக்கும் பூட்டு ஸ்விட்சில் சொட்டியது. கதவு திறந்திருக்கிறது என்று நினைத்து லிஃப்ட் நின்றது. ஒரு மணி நேரத்தில் ஸ்விட்ச் காய்ந்தது, லிஃப்ட் ஓடியது. வாசல் நனைந்திருந்ததைப் பார்த்தவர்கள் கீழ்மாடிக் கதவைப் பார்க்கவில்லை. கீழ்மாடிக் கதவைப் பார்த்தவர்கள் மேலே அண்ணாந்து பார்க்கவில்லை.

ஸ்விட்சை மாற்றி, அதன்மேல் தகட்டுக் கூரை ஒன்று வைத்து, இடுக்கை அடைத்தார். "இனிமே அந்தப் பக்கம் தள்ளும்மா" என்று அந்த அம்மாவிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னார். அதையும் எழுதி டேக் ஒட்டினார்.

இரண்டு மாதம் போயிற்று. லிஃப்ட் ஒரு தடவைகூட நிற்கவில்லை. வருஷக் கடைசியில் சூப்பர்வைசர் கூப்பிட்டனுப்பினார். "ஸ்டோர் பேச்சை விட்டுடுங்க அண்ணே. நீங்க எழுதுற மாதிரி மத்தவங்களையும் எழுதச் சொல்லப்போறேன்."

மெக்கானிக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வந்தவர் நேராக மாடிப்படியில் கால் வைத்தார். அங்கேயே நின்றுவிட்டார். விக்கி போட்டுக் கொடுத்த இந்தப் பெண்ணுக்கு இதுவரை ஒரு நன்றியாவது சொல்லியிருக்கிறோமா? எவ்வளவு யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. அவளுடைய எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றிருக்கிறோம்! படியிலேயே உட்கார்ந்து, மறந்து தொலைக்கக் கூடாதே என்று ஒரு குறிப்புத் திறந்தார். 'இன்று அவளிடம் நன்றி சொல்ல வேண்டும்' என்று எழுதி, 'நன்றி' என்று ஒரு டேக் போட்டார்.

மேக்ரோ அதன்பாட்டுக்குக் கீழே ஒரு பட்டியலைத் திரட்டி நிறுத்தியது. அதில் பதினாலு குறிப்புகள் இருந்தன.

'இன்று முதல்முறையாக அவளிடம் நன்றி சொன்னேன். கண் கலங்கிவிட்டாள்.' 'இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்தேனே. இன்று சொல்லிவிட்டேன். போங்க மாமா என்றாள்.' 'இன்றுதான் சொல்ல வாய்த்தது. சந்தோஷப்பட்டாள்.' பதினாலும் அவர் எழுத்துதான், சொன்ன கையோடு எழுதிக் கீழே பார்க்காமலேயே மூடியவை. ஒன்றில்கூட, ஏற்கெனவே சொல்லிட்டீங்களே மாமா என்று அவள் சொன்னதாக இல்லை.

அவர் அதையெல்லாம் இரண்டு தடவை படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே போனார். கொழுந்தியாள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பதினாலு தடவை சொல்லியிருக்கேன்" என்றார். "நீ ஏம்மா ஒரு தடவைகூட அதை என்கிட்ட சொல்லல?"

மாட்டிக்கொண்டவள் போல அவள் சிரித்தாள். "ஒவ்வொரு தடவையும் மனசாரச் சொன்னீங்க மாமா. அதை எப்படி நடுவுல நிறுத்தச் சொல்றது?"

அவர் அன்றும் சொன்னார். அவள் மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு, முழுசாகக் கேட்டாள்.